இரண்டு குடித்தனத்துக்கு ஒரு சிங்க்

சலவை ஆலையில் அவளுக்கு மடிப்பக்கா என்று பேர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள், துவைத்து உலர்ந்து உருளை இஸ்திரியில் நுழைந்து வெளியே வந்தபின் கடைசியாகச் சேருமிடம் அவளுடைய மேஜை. மூலைக்கு மூலை பிடித்து ஓர் உதறு உதறினால் எப்பேர்ப்பட்ட விரிப்பும் சொன்ன பேச்சுக் கேட்கும். அவள் அடுக்கிய அடுக்கில் ஓரம் ஒரு நூல் முன்னே பின்னே இருக்காது.

"உங்க வீட்டுல காக்கா கூட வரிசையாத்தான் உக்காருமாக்கா?" என்று இஸ்திரிக்காரர் கேலி செய்வார். அவள் சிரித்துக்கொள்வாள். உண்மையில் அவளுடைய வீடு நாலு பேர் வீடு போலத்தான் இருந்தது. நாற்காலி முதுகில் துணி கிடக்கும். கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கும். ஒரே ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு. சமையலறையில் சிங்க் இருக்கும் அந்தக் கையகல இடம். அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒரு பொட்டு அழுக்கு அகப்படாது.

அது இரண்டு குடித்தனத்துக்குப் பொதுவான சிங்க். மாமனார் காலத்து வீட்டை அண்ணனும் தம்பியும் சண்டை சச்சரவு இல்லாமல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்பக்கம் மூத்தவருக்கு, பின்பக்கம் இளையவருக்கு. சமையலறையை மட்டும் நடுவே பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்க வேண்டியிருந்தது. அடுப்பு தனித்தனி, அலமாரி தனித்தனி. ஆனால் கழிவுநீர் போக ஒரே குழாய்தான். இன்னொன்று போடவேண்டுமென்றால் தரை முழுவதையும் கொத்தியாக வேண்டும். "ஒரு சிங்க்கை வச்சுகிட்டு ரெண்டு பேர் சமாளிக்க முடியாதா என்ன?" என்றார் மூத்தவர், மடிப்பக்காவின் கணவர். தடுப்பு சிங்க்குக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சிங்க் நடுவில். இடதுபக்க மேடை மடிப்பக்காவுக்கு, வலதுபக்க மேடை சின்னவளுக்கு. சின்னவள் என்றால் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி.

ஆரம்பத்தில் சமாளித்தார்கள் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். ஒருத்தி தேய்ப்பாள், ஒருத்தி அலசுவாள். பாத்திரம் தேய்க்கிற சாக்கில் தெருவில் யார் யாரோடு பேசினார்கள், எந்தக் கடைக்காரன் எடையில் கை வைக்கிறான், புருஷன்மார் இருவரில் யார் குறட்டை பெரிசு என்று ஊர்க்கதை அத்தனையும் அந்தத் தொட்டிக்குள் இறங்கிப் போகும். சின்னவளுக்கு வாய் ஓடுகிற அளவுக்குக் கை ஓடாது. நுரையோடு தட்டை வைத்துக்கொண்டு கதை சொல்லி முடிக்கும்வரை குழாய் திறந்தே இருக்கும். "கதைய நிறுத்து, இல்ல தண்ணிய நிறுத்து" என்பாள் மடிப்பக்கா. இருவரும் சிரிப்பார்கள்.

பிறகு மூத்தவருக்கு நெஞ்சில் நோய் வந்தது. இருமி இருமி ஆள் பாதியாகிப்போனார். முன்னறைக் கட்டிலில்தான் வாசம். பக்கத்து முக்காலியில் மூடி போட்ட கிண்ணம் ஒன்று இருக்கும், சளி துப்புவதற்கு. மடிப்பக்காவுக்கு அப்போதுதான் ஆலையில் பகல் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் வருமானம் அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டதால் விடவும் முடியாது. காலையில் எழுந்ததும் அந்தக் கிண்ணத்தைச் சிங்க்கில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டு, பினாயில் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். சாயங்காலம் திரும்பி வந்தால் கிண்ணம் சுத்தமாக இருக்கும். "நானே மெதுவா எந்திரிச்சு அலசி வச்சுட்டேன்" என்பார் அவர். அந்த உடம்போடு அவர் அவ்வளவு செய்ததில் அவளுக்கு ஒரு பெருமை. பெருமை மட்டுமல்ல, ஆள் தேறிவருகிறார் என்று ஒரு நப்பாசையும்.

ஒருநாள் காலை அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது சின்னவள் பால் பாத்திரத்தோடு வந்தாள். வந்தவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

"அக்கா, அதையெல்லாம் இங்க கழுவாதீங்க. சாப்பிடுற தட்டு கழுவுற இடம். சின்னப் புள்ள இருக்கிற வீடு."

சொன்ன சொல்லில் தப்பு இல்லை. மெதுவாகவும்தான் சொன்னாள். ஆனால் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது. உள்ளே இருமிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வந்த இருமலை வாய்க்குள்ளேயே அடக்கிய அந்தச் சத்தம் மடிப்பக்காவின் காதில் விழுந்தது. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் சந்தில் இருக்கும் வெளிக்குழாய்க்குப் போனாள். மறுநாளும் அங்கேதான் போனாள். அவர் கண்ணை மூடும்வரை அங்கேதான் போனாள். சின்னவளிடம் பேசுவதையும் அந்தக் காலையோடு நிறுத்திக்கொண்டாள்.

சாவு வீட்டில் சின்னவள் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. மடிப்பக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்துபோன பிறகு அவள் முதலில் கைவைத்தது சிங்க்கில்தான். இனி இந்த இடத்தைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று உள்ளுக்குள் ஒரு வைராக்கியம் உட்கார்ந்துகொண்டது. கம்பி நாரைப் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் குழாயின் அடிக்கழுத்தை நோண்டி எடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்கென்று ஒரு சட்டம். நார் தொட்டிக்குள் கிடக்கக்கூடாது. துளை போட்ட சின்ன டப்பாவில் நிமிர்ந்து நிற்கவேண்டும், அப்போதுதான் ஈரம் வடியும், நாற்றம் பிடிக்காது. சோப்பு அதன் மூடியில். அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்கிற நார் வேறு, கண்ணாடி டம்ளருக்கு வேறு, இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வடிகட்டி ஜாலியில் தங்கிய எச்சத்தை அவ்வப்போதே காகிதத்தில் தட்டிக் குப்பைக் கூடையில் போடவேண்டும். கடைசியில் மேடையைச் சுவரிலிருந்து தொட்டியை நோக்கி ஒரே இழுப்பில் துடைத்து, துணியை அலசிப் பிழிந்து நான்காக மடித்துக் குழாயின் கழுத்தில் போட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அந்த மடிப்பின் ஓரமும் ஆலையில் அடுக்கிய விரிப்பின் ஓரம் போலத்தான் இருக்கும்.

வலதுபக்கம் வேறு உலகம். சின்னவளின் கூடையில் தட்டும் கரண்டியும் மூடியும் சந்தைக்குப் போகிற வண்டியில் ஆட்கள் தொங்குகிற மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். நார் எங்கே விழுந்ததோ அதுவே அதன் இடம்.

பேச்சு வார்த்தை இல்லை என்றேனே, அதற்காக வீடு அமைதியாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஜாடைப் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே.

மடிப்பக்கா குழாயிடம் பேசுவாள். "பாவம் நீ, உன்னை இறுக்கி மூடினா சில பேருக்குக் கை சுளுக்கிக்குமாம். ராத்திரி முழுக்க நீ அழுதுகிட்டே கிட."

சின்னவள் இடதுபக்கத்து நாரைப் பார்த்து நீட்டி முழக்குவாள். "உனக்கென்னடியம்மா, தனி பங்களா, காத்தோட்டம். இந்த வீட்டுல மனுஷங்களுக்குக் கூட இந்த மரியாதை இல்ல."

"தேய்க்கிறதுக்கு முன்னாடி எச்சத்தைத் தட்டிக் கொட்டணும்னு இந்த ஜாலிக்குத் தெரியுது. படிச்சவங்களுக்குத் தெரியல."

"துடைச்சுத் துடைச்சு இந்த மேடை தேஞ்சே போச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல கீழ்வீட்டுக்காரங்க தலையில விழும்." கீழே வீடே கிடையாது. சின்னவளுக்கு நாக்கில் வந்தால் நிற்காது. மடிப்பக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த நாட்களும் உண்டு. சிரித்தது தெரிந்துவிடக்கூடாதே என்று உடனே பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

கொழுந்தன் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், சாது. இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரி நடுவில் நிற்பார். "அண்ணி, நீங்க சொன்னத அவகிட்ட சொல்லவா?" என்று கேட்பார். "நான் குழாய்கிட்ட சொன்னேன் தம்பி. குழாய்க்குச் சொன்னது போதும்" என்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின. மடிப்பக்காவின் மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். சின்னவளின் மகள் தடுப்புக்கு இரண்டு பக்கமும் ஓடி விளையாடிய வயது போய், காலேஜில் சேருகிற வயதுக்கு வந்தாள்.

அந்தக் காலேஜ்தான் காரணமாயிற்று. ஊரின் மறுகோடியில், காலேஜுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கொழுந்தன் குடும்பம் போவதென்று முடிவானது. கொழுந்தன் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "நல்லா இருங்க தம்பி. புள்ள படிப்புதானே முக்கியம்" என்றாள். மனசுக்குள் அவள் அப்போதே வலதுபக்க மேடையைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

சாமான் ஏற்றுகிற அன்று சின்னவள் கடைசியாக வந்து தன் கூடையை எடுத்தாள். எடுத்த இடத்தை ஈரத் துணியால் துடைத்தாள், அத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்கு அழுத்தித் துடைத்தாள். மடிப்பக்கா இடதுபக்கம் நின்று, ஏற்கெனவே காய்ந்த டம்ளர் ஒன்றை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வர்றேன்" என்றாள் சின்னவள், குழாயைப் பார்த்து.

குழாய்க்குச் சொன்னதற்கு இவள் ஏன் பதில் சொல்லவேண்டும்? டம்ளரைத் துடைத்தாள்.

முதல் சில நாட்கள் அவளைக் கையில் பிடிக்கமுடியவில்லை. ஆலை விட்டு வரும் வழியில் பாத்திரக் கடையில் நுழைந்து சுவரில் மாட்டுகிற எவர்சில்வர் தட்டு அடுக்கி ஒன்று வாங்கிவந்தாள். வலதுபக்கம் முழுவதும் அவளுடையது. தட்டுகள் ஒரு வரிசை, டம்ளர்கள் கவிழ்த்து ஒரு வரிசை, கரண்டிகள் ஆணிகளில் பெரிசு சிறிசாக. சிங்க்குக்கு அடியில் இருந்த உடைந்த வாளி, காலி பாட்டில்கள், எதற்கென்றே தெரியாமல் சேர்ந்த மூடிகள் எல்லாவற்றையும் வெளியே தள்ளினாள். கல் உப்புப் போட்டுத் தொட்டியைத் தேய்த்தாள். தேய்த்து முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கடை ஜன்னலில் வைத்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று வாய்விட்டே கேட்டாள். கேட்டபிறகுதான் யாரைக் கேட்டோம் என்று தோன்றியது.

ஒற்றை ஆளுக்கு எத்தனை பாத்திரம்? ஒரு தட்டு, ஒரு டம்ளர், டீ போட்ட சட்டி. குழாயைத் திறந்து மூடுவதற்குள் வேலை முடிந்துவிடும். கைகள் இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு ஈரத்தோடு நிற்கும். துடைக்க மேடையில் ஒன்றும் இருக்காது. யாரும் அழுக்காக்காத இடம் தானாகவே சுத்தமாக இருந்தது, அதற்கு அவள் தேவைப்படவில்லை. பிறகு பிறகு சமைப்பதும் குறைந்தது. ஆலைக் கேன்டீனில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். கவிழ்த்து வைத்த தட்டுகள் கவிழ்த்தபடியே இருந்தன. தடுப்புக்கு அந்தப் பக்கத்து அறைகளில் நடந்தால் தன் காலடிச் சத்தமே இரண்டாவது ஆள் வருவதுபோல் கேட்டது. அதனால் அங்கே போவதை விட்டுவிட்டாள்.

மகள் வாரம் ஒருமுறை வீடியோவில் வருவாள். மடிப்பக்கா போனைத் தட்டு அடுக்கிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவாள்.

"அம்மா, எப்பப் பாத்தாலும் உன் பின்னாடி அந்தக் குழாய்தான் தெரியுது. ஹாலுக்கு வந்து உக்காந்து பேசேன்."

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

"பொழுது போகுதா உனக்கு?"

"போகாம என்ன, நிக்கவா போகுது?"

மகள் சிரிப்பாள். அங்கே யாரோ கூப்பிடுவார்கள். "அப்புறம் பேசறேம்மா." போன் இருட்டியதும் அதில் குழாயும் தன் முகமும் மங்கலாகத் தெரியும்.

ஆலையிலும் அவள் பேச்சு குறைந்துபோனதை இஸ்திரிக்காரர் கவனித்தார். "என்னக்கா, விரிப்போட சேத்து வாயையும் மடிச்சு வச்சுட்டீங்களா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் பேச ஒருத்தியும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் முன்பும் பேசவில்லையே. இல்லாத பேச்சு நின்றுவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மழைக்காலம் தொடங்கியபோது சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் கொடகொடவென்று சத்தம் போட்டது. வாடையும் வந்தது. அந்தக் குழாயின் வளைவு நெளிவெல்லாம் தெரிந்தவர் கொழுந்தன்தான். போன் போட்டாள். அவர் வேலை முடிந்த கையோடு வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிங்க்குக்கு அடியில் குனிந்தார். வளைவுக் குழாயைத் திருகிக் கழற்றிக் கெட்டியாக உறைந்த கசடை வாளியில் கொட்டினார்.

"தண்ணி ஓட்டம் பத்தல அண்ணி. முன்ன மாதிரி அடிச்சு ஊத்தினா இழுத்துட்டுப் போயிரும். வாரம் ஒரு தடவை சுடுதண்ணி விடுங்க."

"சரி தம்பி. டீ குடிச்சுட்டுப் போங்க."

டீயைக் குடிக்கும்போது அவர் முகம் சரியில்லை என்று பார்த்தாள். கேட்கவேண்டியிருக்கவில்லை, அவரே சொன்னார். "அவ கீழ விழுந்துட்டா அண்ணி. சிங்க்குக்கு முன்னாடி தரை ஈரமா இருந்திருக்கு. வழுக்கி, கையை ஊனிட்டா. வலது மணிக்கட்டு. மாவுக்கட்டுப் போட்டிருக்கு. புள்ளைக்குப் பரீட்சை. எனக்கோ வெயில் காலத்துல எடுத்த வேலையே இன்னும் முடியல. வீடு கிடக்கிற கிடப்பு..."

சொல்லிவிட்டு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

விடுமுறை நாள் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். போகிற வழியெல்லாம் பாதியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே வந்தது. அடுக்குமாடியின் கதவைத் திறந்தது கொழுந்தன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் போனாள்.

சிங்க் கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டின்மேல் சட்டி, சட்டிக்குள் டம்ளர், டம்ளருக்குள் கரண்டி, எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு வாணலி. மேடையில் காய்ந்த டீக்கறை. நார் எங்கோ அடியில் மூழ்கிக் கிடந்தது. மடிப்பக்கா கைப்பையை ஆணியில் மாட்டினாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இனம் பிரித்தாள். தொட்டியைக் கழுவிக் காலி செய்தாள். பிறகு கண்ணாடி, பிறகு தட்டு, கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கு.

பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. மாவுக்கட்டுக் கையைத் துணியில் கட்டி மார்போடு தொங்கவிட்டுக்கொண்டு சின்னவள் வாசற்படியில் நின்றாள். ஆள் இளைத்திருந்தாள்.

"வீட்டுக்கு வந்தவங்க உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வேலை பாக்கலாம்" என்றாள் வாணலியைப் பார்த்து.

"தண்ணி குடிக்க டம்ளர் வேணுமே. இருந்த எல்லாமே இதுக்குள்ளதானே கிடக்கு" என்றாள் மடிப்பக்கா குழாயிடம்.

கூடத்திலிருந்து கொழுந்தன் வந்தார். சாதுவான அந்த மனுஷன் அத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "போதும்! வாணலிகிட்டயும் குழாய்கிட்டயும் பேசினது போதும். பேசறதா இருந்தா முகத்தப் பாத்துப் பேசுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் வாய மூடிக்குங்க. நான் கடைக்குப் போயிட்டு வர்றேன்." கதவு சாத்திய வேகத்தில் ஆணியில் மாட்டிய கைப்பை ஆடியது.

மடிப்பக்கா குழாயைத் திறந்து வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னதுக்காகத்தானேக்கா?" என்றாள் சின்னவள். நேராகக் கேட்டாள்.

மடிப்பக்கா திரும்பவில்லை. "சொன்னது தப்பில்ல. அவரு காதுல விழுற மாதிரி சொன்னியே, அதுதான். இருமலக்கூட அடக்கிகிட்டாரு அந்த மனுஷன்."

"கேட்டிருக்கும்னு எனக்கும் அப்புறம்தான் தோணுச்சு. போய்க் கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டேன். மாமா கோவிச்சுக்கவே இல்ல. அதனால என்னம்மான்னாரு."

"எப்பப் போய்க் கேட்ட? நான் பாக்கலையே."

"நீங்க எங்க பாத்தீங்க? நீங்க காலைல போனா சாயங்காலம்தான் வருவீங்க. பகல்ல அந்தக் கிண்ணத்த யாரு கழுவுனாங்கன்னு நெனச்சீங்க?"

குழாயை மூடப் போன கை அப்படியே நின்றது.

"நான்தான்க்கா கழுவுனேன். வெளிக்குழாய்க்குக் கொண்டு போயி. முதல் தடவை எனக்குக் குமட்டிகிட்டு வந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. நம்ம புள்ளைக்கு ஒட்டிக்குமோன்னு ஒரு பயம் மட்டும் போகவே இல்ல. அதனாலதான் சிங்க்குல வேணாம், வெளியில வச்சுக்கலாம்னு சொல்ல வந்தேன். எனக்குத்தான் பக்குவமா சொல்லத் தெரியலையே."

"நானே அலசி வச்சேன்னு சொல்வாரே."

"அவரால கட்டில விட்டு எந்திரிக்கவே முடியாதுக்கா. தம்பி பெண்டாட்டி கையால கழுவ விடறோமேன்னு அவருக்குக் கூச்சம். உங்கக்காகிட்ட சொல்லிடாதம்மா, நான் தேறிட்டு வர்றேன்னு நெனச்சுகிட்டு இருக்கா, அது அப்படியே இருக்கட்டும்னாரு. செத்தவருக்குக் குடுத்த வாக்கு. எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க குழாய்கிட்ட எதையாச்சும் சொல்லிக் கோபத்தக் கிளப்பிவிட்டுருவீங்க. போகட்டும், இவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்னு விட்டுருவேன்."

மடிப்பக்கா குழாயை மூடினாள். கையைத் துடைக்கத் துணியைத் தேடினாள், அகப்படவில்லை. ஈரக் கையோடேயே பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கதவைத் திறந்து உள்ளே வந்து முக்காலியில் சுத்தமான கிண்ணத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒருநாள்கூட, ஒரே ஒருநாள்கூட, இந்த உடம்போடு இவர் எப்படிக் கழுவினார் என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. நம்புவதற்கு வசதியாக இருந்ததை நம்பினாள். அவர் இருந்தால் நாலு கேள்வி கேட்கலாம். "ஏன் சொல்லல? உங்க கூச்சத்துக்கு நான் இத்தனை வருஷம் ஒத்தையா நின்னேனே" என்று சண்டை போடலாம். போன மனுஷனோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

"நீ இவ்வளவு செஞ்சும் உன் முகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசலையே நான்" என்றாள் கடைசியில்.

"அதெல்லாம் பேசினீங்க. குழாய்க்குத்தான் முதல்ல, எனக்கு ரெண்டாவது" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இடது கையால் கண்ணைத் துடைத்தாள்.

மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை மடிப்பக்கா ஒவ்வொரு விடுமுறைக்கும் போனாள். போனதும் பாத்திரம், பிறகு பேச்சு. சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு புது வீட்டுக் கதை, எதிர்வீட்டுக் கதை, லிப்டில் சந்திக்கிறவர்கள் கதை எல்லாம் சொன்னாள். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "அந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்கயே வந்துருங்கக்கா. ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு" என்றாள். கொழுந்தனும் பின்னாலிருந்து தலையை ஆட்டினார்.

மடிப்பக்காவுக்கு உள்ளே ஏதோ இளகியது. வருகிறேன் என்று சொல்ல வாய் திறந்தாள். பிறகு அந்தச் சின்ன சிங்க்கையும், அதைச் சுற்றி அந்தக் குடும்பம் பழகிப்போயிருந்த விதத்தையும் பார்த்தாள். எல்லாம் கன்னாபின்னாவென்று கிடந்தாலும் அது அவர்களுடைய கன்னாபின்னா.

"வேணாம்டி. ஒரு சிங்க்ல ரெண்டு பேரு நின்னு பட்டது போதும். இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கோம், கெடுத்துக்க வேணாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சின்னவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் ஒருவேளை வந்திருப்பாள்.

கட்டுப் பிரித்தபின் போவதற்குக் காரணம் குறைந்தது. ஆலையில் விடுமுறை நாள் மாறிக்கொண்டே இருந்தது. இவளுக்கு ஓய்வு கிடைக்கும் அன்று அவர்கள் வீட்டில் யாரும் இருப்பதில்லை. பஸ் தூரம் வேறு. முதலில் மாதம் ஒருமுறை என்று ஆயிற்று, பிறகு அதுவும் தள்ளிப்போயிற்று. பேசாமல் இருந்த காலத்தில் தினமும் முகத்தில் முழித்தார்கள். பேச்சு வந்தபின் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. சின்னவள் போன் செய்வாள், அன்பாகத்தான் பேசுவாள். "உடம்பப் பாத்துக்கங்கக்கா" என்று முடிப்பாள். அப்படி மரியாதையாகப் பேசும்போது அவள் யாரோ மாதிரி இருந்தாள்.

கொழுந்தன் சம்மதத்தோடு பின்பக்கத்தை வாடகைக்கு விட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண், தனி ஆள், ஷிப்டு மாறி மாறி வேலை. குடிவந்த அன்று மடிப்பக்கா வலதுபக்க மேடையைக் காலி செய்து, அங்கிருந்த தட்டு அடுக்கியையும் கழற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"இந்தப் பக்கம் முழுக்க உனக்கும்மா. கூடை, சோப்பு எல்லாம் தாராளமா வச்சுக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எப்படி வேணா போட்டு வை."

"ஐயோ எனக்கு எதுக்கு ஆன்ட்டி இவ்வளவு இடம்? நான் சமைக்கிறதே இல்ல. எல்லாம் கேன்டீன்தான். ஒரே ஒரு காபி கப், அது என் ரூம்லயே இருக்கு."

"கப்பையாவது இங்க கழுவுவேல்ல?"

"பாத்ரூம் குழாய்லயே அலசிக்குவேன் ஆன்ட்டி. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

பெண் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மடிப்பக்கா கொஞ்ச நேரம் அந்த வெற்று மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு டம்ளர் டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொதி வந்ததும் தடுப்பு ஓரமாகப் போய், "டீ போட்டிருக்கேன், குடிக்கிறியாம்மா?" என்று கேட்டாள். பதில் இல்லை. சரியாகக் கேட்டிருக்காது என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடி கேட்டாள்.